தெரபிஸ்ட் தன் கதையைச் சொல்லலாமா?

நம்பிக்கை: நல்ல தெரபிஸ்ட் தன்னைப் பற்றி வாயே திறக்க மாட்டார்.

இதற்குச் சாட்சியாக எல்லோரும் இழுத்து வருவது உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃப்ராய்டை. மருத்துவர் கண்ணாடிபோல இருக்கவேண்டும், தன் சொந்த விஷயம் எதையும் காட்டக் கூடாது என்று 1912இல் அவர் எழுதியது உண்மைதான். அப்படி நடந்துகொண்டாரா என்பது வேறு. 'எலி மனிதன்' என்று பெயர்பெற்ற நோயாளி 1907 டிசம்பரில் ஒருநாள் பசியோடு வந்தபோது சாப்பாடு போட்டதை அவரே குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறார். கனவுகளைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூலில் அலசப்படும் கனவுகளில் பல அவர் கண்டவையே.

ஸ்டான்ஃபோர்டில் மனநல மருத்துவர் இர்வின் யாலோம் இன்னும் ஒருபடி மேலே போனார். எழுத்து வராமல் தவித்த 'ஜின்னி' (புனைபெயர்) என்ற எழுத்தாளரோடு கட்டணத்துக்குப் பதிலாக ஒரு ஏற்பாடு: ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் இருவரும் தனித்தனியே மனதில் பட்டதை ஒளிக்காமல் எழுதுவது, சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றிப் படிப்பது. 1974இல் அது புத்தகமாகவே வந்தது. அதில் யாலோம் தன் நுட்பமான விளக்கங்களை எண்ணிப் பெருமைப்படுகிறார். ஜின்னியின் பக்கங்களில் அவை கண்டுகொள்ளப்படவே இல்லை. அவள் நினைவில் நின்றதெல்லாம் உடையைப் பார்த்துச் சொன்ன நல்ல வார்த்தை, தாமதமாக வந்ததற்குக் கேட்ட மன்னிப்பு, அவள் கதைக்கு அவர் சிரித்த சிரிப்பு. தன்னைத் திரும்பிப் பார்ப்பது என்றால் இப்படி மூக்குடைபடவும் தயாராக இருக்கவேண்டும்.

நம்பிக்கை: அப்படியானால் எவ்வளவு சொல்கிறாரோ அவ்வளவு நல்லது.

இதைச் சோதித்துப் பார்த்தவர் ஹங்கேரியின் உளப்பகுப்பாய்வாளர் ஃபெரென்சி. 1932இல் அவரும் ஒரு நோயாளியும் மாறி மாறி ஒருவரையொருவர் பகுப்பாய்வு செய்தார்கள். மனதில் வருவதையெல்லாம் சொல்வதென்றால் மற்ற நோயாளிகளின் ரகசியங்களும் சேர்ந்து வெளியே வருமே என்ற சிக்கலில் மாட்டிக்கொண்டார். மறுபக்கம், 2001இல் வெளியான பாரெட், பெர்மன் என்ற ஆய்வாளர்களின் ஆய்வில், தெரபிஸ்ட் தன்னைப் பற்றிக் கூடுதலாகப் பகிர்ந்தபோது சிகிச்சைக்கு வந்தவர்களின் துயரம் அதிகம் குறைந்தது. ஆனால் அங்கே பகிரப்பட்டவை வந்தவர் பேசியதையொட்டிய தகவல்கள். முழுநீள வாழ்க்கை வரலாறு அல்ல. தெரபிஸ்டின் விவாகரத்துக் கதையை நீங்கள் அரைமணி நேரம் 'ம்' கொட்டிக் கேட்டீர்கள் என்றால், கட்டணம் தவறான திசையில் போகிறது. அந்தப் பாரத்தை அவர் இறக்கி வைக்க சூப்பர்விஷன் (அனுபவமுள்ள இன்னொரு தெரபிஸ்டின் வழிகாட்டல்) இருக்கிறது. அவருக்கென்று ஒரு தெரபிஸ்டும் இருக்கலாம்.

நம்பிக்கை: தானே பட்டவரால்தான் குணப்படுத்த முடியும்.

தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்களுக்கு டிபிடி (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி) என்ற சிகிச்சையை வகுத்தவர் மார்ஷா லினஹான். அவர் கையிலிருந்த தழும்புகளைப் பார்த்து, நீங்களும் எங்களில் ஒருவரா என்று ஒரு நோயாளி கேட்டார். 17 வயதில் தான் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதை லினஹான் ஊரறியச் சொன்னது 2011இல், அதே மருத்துவமனையில் நின்று. அவருடைய சிகிச்சை பலன் தருகிறது என்று காட்டிய முதல் ஒப்பீட்டு ஆய்வு வெளியானதோ 1991இல். அந்த 20 ஆண்டுகளில் டிபிடியால் தேறியவர்களில் பெரும்பாலோருக்கு அவர் கதை தெரியாது.