முற்றத்து வெயில்

பிறந்து சில நாட்களே ஆன குழந்தையை வெயிலிலும் காற்றிலும் கொண்டுசெல்லலாமா என்பது நெடுநாளைய வழக்கு. நம் நாட்டுப் பாட்டிமார் காலை இளவெயிலில் குழந்தையைக் கால்மேற் கிடத்தி எண்ணெய் பூசுவர். அடுத்த நொடியே காற்றுப் புகாதவாறு அதன் தலையையும் காதையும் துணியால் மூடிவிடுவர். வெயில் வேண்டும் என்னும் விருப்பமும் காற்று ஆகாது என்னும் அச்சமும் ஒரே மடியில் குடியிருத்தலை அங்குக் காணலாம். மருத்துவர்களிடையேயும் இவ்விரு கருத்துகளும் நெடுங்காலம் நிலவிவந்தன. இங்கிலாந்து நாட்டில் செவிலி ஒருவர் வெயிலின் பக்கம் நின்றார். அவர் கண்ட காட்சி ஒன்று பல்லாயிரம் குழந்தைகளின் உயிரையும் அறிவையும் காக்கும் மருத்துவத்துக்கு வித்திட்டது.

அச்செவிலியின் பெயர் ஜீன் வார்டு. இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் எசெக்ஸ் என்னும் மாவட்டம் உண்டு. அங்கு ராச்போர்டு என்னும் சிற்றூரில் அந்நாளில் இயங்கிவந்த பொது மருத்துவமனையில், குறைமாதக் குழந்தைகளைப் பேணும் பகுதிக்கு அவர் தலைவியாக இருந்தார். உலகப் போருக்கு முன் நாய்க்குட்டிகளை வளர்ப்பதில் கைதேர்ந்தவராக இருந்தார் என்று அவரோடு பணியாற்றிய மருத்துவர்கள் எழுதியுள்ளனர். கண் திறவாத குட்டியைப் பேணிய கைக்குக் குறைமாதக் குழந்தையைத் தூக்கும் பக்குவம் தானே வாய்த்தது போலும்!

குறைமாதத்திற் பிறந்த குழந்தையின் உடல் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் இல்லாதது. ஆகவே அதனை வெப்பப் பேழையுள் வைத்துக் காப்பர். அப்பேழைகளின் புழுக்கம் வார்டு அம்மையாருக்குப் பிடிக்கவில்லை. தூய காற்றும் கதிரவன் ஒளியும் அதனினும் மிகுந்த நலம் பயக்கும் என்பது அவரது உறுதியான எண்ணம். வெதுவெதுப்பான கோடை நாட்களில் அவர் அக்குழந்தைகளைத் தொட்டிலோடு உருட்டி மருத்துவமனையின் முற்றத்துக்குக் கொண்டுசெல்வார்.

வெயிலில் நம்பிக்கை வைப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆலைப் புகை வானை மறைத்த ஐரோப்பிய நகரங்களிலே, எலும்பு வலுவிழந்து கால்கள் வில்லென வளையும் கணைநோய் குழந்தைகளை வாட்டி வந்தது. 1822ஆம் ஆண்டிலேயே சினியாடெக்கி என்னும் போலந்து மருத்துவர், வார்சா நகரக் குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படும் இந்நோய் நாட்டுப்புறக் குழந்தைகளிடம் அரிதாக இருப்பதைக் கண்டு, வெயிலே இதற்கு மருந்து என்றார். 1919இல் ஹுல்ட்ஷின்ஸ்கி என்னும் மருத்துவர் பெர்லின் நகரில் புற ஊதாக் கதிர் விளக்கினால் அந்நோயைக் குணப்படுத்திக் காட்டினார். அக்கதிர் தோலிற்படும்போது உடலில் வைட்டமின் டி உண்டாகிறது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஆயின் வார்டு அம்மையார் முற்றத்திற் கண்டது எலும்பைப் பற்றியதன்று. தோலின் நிறத்தைப் பற்றியது.

1956ஆம் ஆண்டுக் கோடையில் ஒருநாள் மருத்துவர்கள் தொட்டில் தொட்டிலாகப் பார்வையிட்டு வந்தனர். அப்போது வார்டு அம்மையார் குறைமாதக் குழந்தை ஒன்றின் ஆடையை விலக்கிச் சற்றே தயக்கத்துடன் காட்டினார். அதன் மேனி முழுவதும் வெளிறிய மஞ்சளாக இருந்தது. வயிற்றில் ஓரிடம் மட்டும் முக்கோண வடிவில், கோடு கிழித்தாற்போன்ற எல்லையுடன், கடும் மஞ்சளாக இருந்தது. எதைத் தடவினீர் என்று மருத்துவர் வினவினார். எதையும் தடவவில்லை என்றும், அது வெயிலின் செயலாக இருக்கலாம் என்றும் அவர் விடை கூறினார். வெயிலினால் தோல் கறுப்பதற்குப் பல நாட்கள் ஆகுமே என மருத்துவர் மறுத்தார். வார்டு அம்மையார் மேலும் தயங்கினார். ஆயினும் தாம் கண்டதை விட்டுக்கொடுக்கவில்லை. மஞ்சள் படிந்த இடம் புதிதாக உண்டானதன்று. போர்வையின் ஒரு மூலை மூடியிருந்த இடத்தில் காமாலையின் நிறம் அப்படியே நிற்கிறது. வெயில் பட்ட ஏனைய இடங்களில்தான் நிறம் குறைந்துவிட்டது. இதுவே அவர் கருத்து.

மருத்துவர்கள் அதனைக் கேட்டுக்கொண்டு அடுத்த தொட்டிலுக்குச் சென்றனர். குழந்தை நலமுற்று வீடு சென்றது. செய்தி அவ்வளவில் மறந்துபோயிருக்கும்.

சில வாரங்களுக்குப் பின் மற்றொன்று நிகழ்ந்தது. கடுங்காமாலை கண்ட குழந்தையொன்றின் குருதியைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினர். அக்குழந்தையின் மேனியைப் பார்த்தவர்கள் எதிர்பார்த்த அளவைவிட ஆய்வில் வந்த அளவு மிகக் குறைவாக இருந்தது. மறுபடி குருதி எடுத்து ஆய்ந்தபோது அளவு பெரிதும் உயர்ந்து காணப்பட்டது. முதற்குழாய் பலமணி நேரம் நேர்வெயிலிற் கிடந்ததே இதற்குக் காரணம் என்பதை வேதியியல் வல்லுநர் பெரிமன் உணர்ந்தார். குழாயிலும் மஞ்சள் குறைந்தது. குழந்தையின் மேனியிலும் மஞ்சள் குறைந்தது. வார்டு அம்மையார் கூறியது அப்போது நினைவுக்கு வந்தது.

அம்மஞ்சள் எங்கிருந்து வருகிறது? நம் குருதியில் உள்ள சிவப்பணுக்கள் நாள்தோறும் அழிந்து புதியன தோன்றுகின்றன. அழிந்த அணுக்களிலிருந்து பிலிருபின் என்னும் மஞ்சட் பொருள் உண்டாகிறது. அது நீரிற் கரையாதது. கல்லீரலே அதனைக் கரையும் வடிவுக்கு மாற்றிப் பித்தத்தின் வழியே வெளியேற்றுகிறது. பச்சிளங் குழந்தையின் கல்லீரல் இப்பணியைச் செய்வதற்கு இன்னும் பழகாதது. ஆகவே நிறைமாதக் குழந்தைகளுள் பத்தில் ஆறும், குறைமாதக் குழந்தைகளுள் பத்தில் எட்டும் முதல் வாரத்தில் ஓரளவு மஞ்சள் பூத்துக் காணப்படும். பெரும்பாலும் இது தானே மறையும். அளவு கடந்தாலோ, பிலிருபின் மூளையிற் படிந்து செவிப்புலனைக் கெடுக்கும், கைகால்களின் இயக்கத்தைக் குலைக்கும், உயிரையும் போக்கும். அந்நாளில் இதற்கு இருந்த சிகிச்சை, குழந்தையின் குருதியைச் சிறிது சிறிதாக வெளியே எடுத்து, அதற்கு ஈடாகப் பிறர் குருதியைச் செலுத்துவது. ஒரு பிடி உடம்பிலே செய்யும் அவ்வரிய செயலும் இடர் நிறைந்தது.

இளம் மருத்துவர் கிரெமர், பெரிமன் முதலியோருடன் சேர்ந்து ஆராயத் தொடங்கினார். காமாலை கண்ட குழந்தைகளைச் சிறிது நேரம் வெயிலிலும் சிறிது நேரம் நிழலிலும் மாற்றி மாற்றி வைத்துக் குருதியை அளந்தனர். மஞ்சள் குறைந்தது. ஆனால் இங்கிலாந்தின் வானத்தை நம்பி மருத்துவமனை நடத்த இயலுமா? ஆதலால் தொட்டிலின்மேல் வளைந்த கூரை போல நீலநிறக் குழல் விளக்குகளை அமைத்தனர். அவ்விளக்கொளியும் வெயிலின் பணியைச் செய்தது. ஒளியின் நிறங்களுள் நீலமே இங்குச் சிறப்பாகப் பயன்படுகிறது. தோலினுள் புகும் அவ்வொளி பிலிருபின் மூலக்கூற்றின் வடிவை மாற்றுகிறது. மாறிய வடிவம் கல்லீரலின் உழைப்பை எதிர்நோக்காமலே உடலை விட்டு நீங்குகிறது. 1958இல் இம்முடிவுகள் லான்செட் என்னும் மருத்துவ இதழில் வெளிவந்தன. அமெரிக்க மருத்துவர்கள் உடனே இதனை ஏற்கவில்லை. 1968இல் லூசி என்பாரும் துணைவரும் குறைமாதக் குழந்தைகளிடம் நடத்திய சோதனையின் பின்னரே அங்கு இது பரவியது. இன்று நம் மாவட்ட மருத்துவமனைகளிலும் கண்ணுக்குத் துணிக்கட்டுப் போட்ட குழந்தைகள் நீல ஒளியில் உறங்குவதைக் காணலாம்.

அவ்வாறாயின் மஞ்சள் பூத்த குழந்தையை வீட்டு முற்றத்திலே கிடத்திவிட்டால் போதாதா எனச் சிலர் எண்ணுவர். அது தவறு. வெயிலில் நீல ஒளி மட்டுமா இருக்கிறது? தோலைச் சுடும் புற ஊதாக் கதிரும் உடலை வாட்டும் வெப்பமும் உடன் வருகின்றன. எவ்வளவு ஒளி பட்டது, எவ்வளவு மஞ்சள் குறைந்தது என்பதை வீட்டில் அளக்க வழியில்லை. வெயில் காட்டிப் பார்ப்போம் என்று காத்திருக்கும் இரண்டு நாட்களுக்குள் நஞ்சு மூளையை எட்டிவிடக் கூடும். ஆகவே பிறந்த முதல் நாளிலேயே மஞ்சள் தோன்றினாலும், அது உள்ளங்கை உள்ளங்கால் வரை பரவினாலும், குழந்தை பால் குடியாது சோர்ந்து கிடந்தாலும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மின்சாரம் தடையின்றிக் கிடைக்காத நைஜீரியாவில் இதற்கு ஒரு வழி கண்டனர். புற ஊதாக் கதிரையும் வெப்பத்தையும் தடுத்து நீல ஒளியை உள்ளே விடும் மெல்லிய தாளால் பந்தல் அமைத்து, மருத்துவர் காவலில் குழந்தைகளை அதன்கீழ் வைத்தனர். மின்விளக்குச் சிகிச்சைக்கு இது குறைந்ததன்று என்பது 2015இல் வெளியான ஆய்வினால் தெரிந்தது. வார்டு அம்மையாரின் முற்றம் கூரை வேய்ந்துகொண்டு மீண்டும் வந்தது எனலாம்.

1958ஆம் ஆண்டுக் கட்டுரையின் தலைப்பில் கிரெமர், பெரிமன், ரிச்சர்ட்ஸ் என்னும் மூவர் பெயர்கள் உள்ளன. வார்டு அம்மையாரின் பெயர் அவற்றுள் இல்லை. 1975இல் கிரெமரும் மூத்த மருத்துவர் டாப்ஸும் பழைய நிகழ்ச்சிகளை நினைவுகூர்ந்து எழுதினர். போர்வையின் மூலை, முக்கோண மஞ்சள், தயங்கித் தயங்கிச் சொன்ன விடை ஆகிய யாவும் அவ்வெழுத்தின் வாயிலாகவே நமக்குக் கிடைத்துள்ளன.