தேடும் வழியைச் சீர்செய்க: மென்பொருள் நிறுவுவோர்க்கு ஒரு பாடம்

புதிய மென்பொருள் ஒன்றைக் கணினியில் நிறுவுகிறோம். நிறுவும் பணி நிறைவேறியதாகத் திரையில் செய்தியும் தோன்றுகிறது. ஆயினும், அதனை இயக்க முற்படும்போது, அப்படியொரு கட்டளையே இல்லை என்று கணினி கூறுகிறது. அல்லது பழைய பதிப்பின் எண்ணையே மீண்டும் காட்டுகிறது. உடனே அம்மென்பொருளை நீக்கி மறுபடியும் நிறுவுவதும், அதுவும் பயன்தராவிடில் கடைக்காரரிடம் பணம் கொடுத்துச் சீர்செய்வதும் பலரது வழக்கமாக உள்ளன. நிரலாக்கம் கற்கத் தொடங்கும் மாணவர் சிலர், ‘இக்கல்வி நமக்கு ஏலாது’ என மனந்தளர்ந்து விட்டுவிடுவதும் உண்டு. பழுதோ பல வேளைகளில் சூழல் அமைப்பின் ஓரிரு வரிகளிலேயே அடங்கியிருக்கிறது.

சூழல் மாறி என்பது யாது?

ஒரு நிரல் இயங்கத் தொடங்கும்போது, அதற்குரிய சில குறிப்புகளை இயங்குதளம் பெயரும் மதிப்புமாக அதனிடம் ஒப்படைக்கிறது. இவையே சூழல் மாறிகள். 1979-ஆம் ஆண்டில் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இடம்பெற்ற இம்முறை, இன்று விண்டோஸ், லினக்ஸ், மேக் ஆகிய யாவற்றிலும் உள்ளது.

இவற்றுள் தலையாயது ‘பாத்’ என்பதாகும். நாம் தட்டச்சு செய்யும் கட்டளைக்குரிய நிரலை எந்தெந்தக் கோப்புறைகளில், எந்த வரிசையில் தேடவேண்டும் என்பதை அது உரைக்கும். தோட்டத்துப் பெரட்டில் ஒரே பெயருடைய இருவர் இருப்பின், பட்டியலில் முன்னுள்ளவரே முதலில் அழைக்கப்படுவார் அன்றோ? கணினியும் அவ்வாறே முதலிற் கண்ட நிரலை இயக்கித் தேடலை நிறுத்திவிடும். விண்டோஸில் கணினி முழுமைக்குமான பட்டியல் முன்னும், பயனருக்குரிய பட்டியல் பின்னும் வரும். ஆகவே, ஒரு பயனருக்கு மட்டும் நிறுவிய புதிய பதிப்பு, முன்பட்டியலிலுள்ள பழைய பதிப்பின் பின்னே மறைந்துபோகக்கூடும்.

பைத்தான் மொழியிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு

பைத்தானுக்கு மேலும் இரு மாறிகள் உள்ளன. அதன் அடிப்படை நூலகம் இருக்கும் இடத்தைப் ‘பைத்தான்ஹோம்’ சுட்டும். கூடுதலாகத் தேடவேண்டிய இடங்களைப் ‘பைத்தான்பாத்’ சுட்டும். வேறொரு மென்பொருளோ, முன்னர்க் கணினியைப் பயன்படுத்தியவரோ இவற்றை அமைத்துச் சென்றிருக்கலாம். பழைய பதிப்பை நீக்கிய பின்னரும் பைத்தான்ஹோம் அதன் கோப்புறையையே சுட்டிநின்றால், புதிய பைத்தான் ‘என்கோடிங்ஸ்’ என்னும் கூற்றைக் காணாது தொடக்கத்திலேயே நின்றுவிடும். மென்பொருளை நீக்கினாலும் அம்மாறி நீங்குவதில்லை. பத்துமுறை மறுபடி நிறுவினும் பயன் கிட்டாமைக்குக் காரணம் இதுவே.

பழுதை அறியும் முறை

விண்டோஸின் கமாண்ட் பிராம்ட் சாளரத்தைத் திறந்து, ஆங்கில எழுத்துகளில் பின்வருமாறு செய்க.

1. ‘எங்கே’ எனப் பொருள்படும் ‘வேர்’ என்ற கட்டளையை எழுதி, இடைவெளி விட்டுப் ‘பைத்தான்’ என்று எழுதுக. அப்பெயருடைய நிரல்கள் இருக்கும் இடங்கள் வரிசையாகத் தோன்றும். முதலில் நிற்பதே இயங்குவது. அது ‘விண்டோஸ்ஆப்ஸ்’ என்னும் கோப்புறையில் இருப்பின், மைக்ரோசாஃப்ட் ஸ்டோரைத் திறக்கும் சிறு நிரலாக இருக்கலாம். 2019 மே மாதப் புதுப்பிப்பிலிருந்து அது விண்டோஸ் 10-இல் இடம்பெற்றது.

2. ‘செட் பைத்தான்’ என்று எழுதுக. அப்பெயரில் தொடங்கும் மாறிகள் யாவும் வெளிப்படும்.

3. பைத்தானை அழைக்கும்போது சிறுகோட்டுடன் பெரிய ‘ஈ’ எழுத்தைச் சேர்த்து இயக்குக. அப்போது பைத்தானுக்குரிய மாறிகளை அது பொருட்படுத்தாது. இவ்வாறு செவ்வனே இயங்கினால், குற்றம் மாறியிலேயே என்பது தெளிவு.

திருத்தும் முறை

திருத்துமுன், பழைய மதிப்பை ஓர் ஏட்டில் எழுதி வைத்துக்கொள்ளுதல் வேண்டும். வேறொரு மென்பொருளுக்கு அது தேவையாயிருக்கலாம். பின்னர், அமைப்புகள் பகுதியிலுள்ள சூழல் மாறிகளுக்கான சாளரத்தில், பயனற்ற மாறியை நீக்குக. வேண்டிய கோப்புறையைப் பட்டியலின் மேலே உயர்த்துக. ‘செட்எக்ஸ்’ என்ற கட்டளையால் பாத் மாறியைத் திருத்தலாகாது. அது 1,024 எழுத்துகளுக்கு மேற்பட்டவற்றை வெட்டிவிடும். அதனால் பிற மென்பொருள்களும் இயங்காது போகலாம்.

இறுதியாக, திறந்திருக்கும் கட்டளைச் சாளரங்களை மூடிப் புதிதாகத் திறத்தல் வேண்டும். ஒவ்வொரு சாளரமும் திறக்கும் வேளையில் பெற்ற சூழலையே வைத்திருக்குமாதலால், பழைய சாளரம் புதிய திருத்தத்தை அறியாது.

ஜாவா மொழி பயில்வோர் ‘ஜாவாஹோம்’ மாறியையும் இவ்வாறே சோதித்தல் நலம். மேவன், கிரேடில் போன்ற கருவிகள் அம்மாறி சுட்டும் ஜாவாவையே நாடுகின்றன.

ஆதலின், பிள்ளைகள் கணினியின் முன் திகைத்து அமர்ந்திருக்கக் காணும் பெற்றோரும் ஆசிரியரும், மறுபடி நிறுவச் சொல்வதற்கு முன், ‘முதலில் இயங்குவது எது?’ என்று அவர்களையே தேடிக் காணச் செய்வார்களாக. அப்பட்டியலை ஒருமுறை தாமே படித்துத் திருத்திய மாணவர், அடுத்த பழுதுக்கு அஞ்சமாட்டார்.