தசைக்குத் தூள் வேண்டுமா, தட்டு போதுமா?

மாணவர்களே, நாஃபா உடலுறுதித் தேர்வு நெருங்கும்போது உங்களில் சிலர் பட்டாணி, சோயா புரதத்தூள் டப்பாக்களைத் தேடலாம். வாங்கும் முன் அதன் அறிவியலைப் பார்ப்போம்.

தசை எப்படி வளர்கிறது?

தூள் மட்டும் தசையை வளர்க்காது. கம்பியைப் பிடித்து உடலை மேலே இழுக்கும்போது தசை இழைகள் பளுவை உணர்கின்றன. உடனே செல்கள் புதிய புரதத்தை உருவாக்கும் வேலையை வேகப்படுத்துகின்றன. அதற்கான செங்கற்கள்தாம் அமினோ அமிலங்கள். நாம் உண்ணும் புரதம் இரைப்பையிலும் சிறுகுடலிலும் செரித்து இவையாகப் பிரிகிறது. மொத்தம் 20 வகை. அவற்றுள் 9 வகைகளை உணவிலிருந்தே பெறவேண்டும்.

தாவரப் புரதம் மட்டமா?

அரிசியில் லைசின் குறைவு. பருப்பில் மெத்தியோனின் குறைவு. சேர்த்து உண்டால் ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும். அரிசியும் உளுந்தும் சேர்ந்த இட்லி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சோயாவில் ஒன்பதும் உண்டு.

பிரேசிலின் சாவ் பாவ்லோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2021ல் வெளிவந்தது. தாவர உணவு மட்டும் உண்ணும் 19 இளைஞர்களும் இறைச்சியும் உண்ணும் 19 இளைஞர்களும் 12 வாரம் கால்தசைப் பயிற்சி செய்தனர். முதல் குழுவுக்குச் சோயாத்தூள், அடுத்த குழுவுக்குப் பால்புரதத்தூள். இரு குழுவினருக்கும் உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் தினமும் கிடைத்தது. தசை வளர்ச்சியிலும் வலிமையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

உங்கள் கணக்கு

பதின்ம வயதில் கிலோவுக்குச் சுமார் 0.85 கிராம் புரதம் தேவை. எடை 50 கிலோ என்றால், 50 × 0.85 = 42.5 கிராம். கடும் பயிற்சி செய்வோருக்குக் கூடுதலாக வேண்டும். புக்கிட் மேரா வட்டாரச் சந்தையில் வாங்கக்கூடியவற்றைக் கூட்டுவோம் (தோராயமாக):

டெம்பே 100 கிராம் – 19
வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராம் – 9
சோறு 300 கிராம் – 8
சோயாப் பால் ஒரு கோப்பை – 7

மொத்தம் 43 கிராம். ரொட்டியும் காய்கறியும் இன்னும் சேரும். தூள் இல்லாமலேயே தேவை நிறைவேறிவிட்டது!

மிஞ்சிய புரதம் தசையாக மாறாது. அதன் நைட்ரஜனைக் கல்லீரல் யூரியாவாக்கும்; சிறுநீரகம் வெளியேற்றும். எஞ்சியது ஆற்றலாகவோ கொழுப்பாகவோ மாறும். மேலும், செடிகள் மண்ணிலுள்ள ஈயத்தையும் உறிஞ்சக்கூடும். சில தாவரப் புரதத்தூள்களில் ஈயம் கண்டறியப்பட்டுள்ளது. ஆகவே, மருத்துவரிடமோ உணவியல் நிபுணரிடமோ கேட்காமல் தூள் வாங்காதீர்கள்.

செய்து பாருங்கள்: நேற்று உண்டவற்றை எழுதி, புரதத்தைக் கூட்டுங்கள். உங்கள் எடைக்கான தேவையுடன் ஒப்பிடுங்கள். குறைந்தால், எந்த வேளை உணவில் எதைச் சேர்ப்பீர்கள்?