மாலை ஆறரை மணிக்கு என்ன செய்வது?

கேள்வி:

டாக்டர், எனக்கு வயது 44. கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். கல்லூரியில் வாலிபால் ஆடியவன். அப்புறம் பதினைந்து வருடக் குடி. கடைசி சில வருடங்கள் தினமும் ஒரு குவார்ட்டர். ஞாயிற்றுக்கிழமை என்றால் கணக்கே கிடையாது. போன வருடம் கை நடுக்கம் அதிகமாகி, வீட்டார் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வெளியே வந்து ஏழு மாதம் ஆகிறது. ஒரு சொட்டு தொடவில்லை. தினமும் காலையில் டைசல்ஃபிராம் மாத்திரையை மனைவி கையால் வாங்கிப் போட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவது மாதமே ஜிம்மில் சேர்ந்தேன். விட்டுப்போன உடம்பை ஒரே மூச்சில் பிடித்துவிட வேண்டும் என்ற வேகம். தினமும் இரண்டு மணி நேரம். மூன்றாவது வாரம் தோள்பட்டை பிடித்துக்கொண்டது, நின்றுவிட்டேன். இதில் ஒன்று எனக்குப் புரியவே இல்லை. ஜிம் போன நாட்களில்தான் குடி நினைப்பு அதிகம் வந்தது. வியர்த்து ஊற்றி வெளியே வந்ததும் சில்லென்று ஒரு பீர் என்று நாக்கு கேட்டது. பயந்துபோய் அதற்கப்புறம் எதுவும் செய்யவில்லை. இப்போது தொப்பை ஏறுகிறது. இனிப்பு இல்லாமல் முடியவில்லை. ராத்திரி தூக்கம் துண்டு துண்டாக வருகிறது. உள்ளங்கால் எரிகிறது. மறுபடி ஆரம்பிக்க ஆசை. மனைவி “சும்மா நடந்தா போதுங்க” என்கிறாள். மாமா ஒருவர் உடம்பு தேற அசுவகந்தாரிஷ்டம் குடி என்கிறார். பழைய நண்பர்கள் ஞாயிறு வாலிபாலுக்குக் கூப்பிடுகிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

— பெயர் வேண்டாம், கோவை

பதில்:

மாமா சொன்னதை முதலில் தள்ளிவையுங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம். அரிஷ்டமும் ஆசவமும் நொதிக்க வைத்துச் செய்கிற மருந்துகள். பாட்டில் லேபிளில், தானாக உருவான ஆல்கஹால் இத்தனை சதவீதம் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். பெரும்பாலும் 5 முதல் 10 வரை. அதாவது பீர் அளவு, சிலவற்றில் அதற்கும் மேல். டைசல்ஃபிராம் போடுகிறவர் அதைக் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வரும். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து இருக்கிறது. சில இருமல் சிரப்புகளிலும், வாய் கொப்பளிக்கும் திரவங்களிலும், ஷேவ் செய்தபின் பூசும் லோஷனிலும் ஆல்கஹால் உண்டு. “சரி, சூரணமாகச் சாப்பிடுகிறேன்” என்பீர்கள். அசுவகந்தாவால் கல்லீரல் பாதிக்கப்பட்ட நோயாளிகளைப் பற்றி மருத்துவப் பதிவுகள் இருக்கின்றன. உங்கள் கல்லீரல் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாமல் அதுவும் வேண்டாம்.

இனி ஜிம் விஷயம். அந்த பீர் ஆசையை உங்கள் மன உறுதியின் குறை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வாலிபால் ஆடிய காலத்தில் ஆட்டம் முடிந்து, வியர்வை காய்வதற்குள் என்ன குடித்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். வியர்வை, தாகம், உழைத்த களைப்பு மூன்றும் சேர்ந்தால் அடுத்து பீர் என்று உங்கள் மூளை பல வருடம் பாடம் படித்திருக்கிறது. ஏழு மாதத்தில் அந்தப் பாடம் அழியாது. இரண்டு மணி நேரப் பயிற்சி மூன்றையும் ஒரே நேரத்தில், உச்ச அளவில் கொண்டுவந்து நிறுத்தியது. போதாததற்குப் பசி. குடியை விட்டவர்கள் கூடும் ஏ.ஏ. கூட்டங்களில் (1935-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பைச் சொல்கிறேன்) பழைய உறுப்பினர்கள் புதியவர்களுக்குச் சொல்லும் எச்சரிக்கை உண்டு: பசி, கோபம், தனிமை, களைப்பு, இந்த நான்கில் எதையும் முற்ற விடாதே. நீங்கள் ஜிம்முக்குப் பணம் கட்டி அதில் இரண்டை வாங்கி வந்திருக்கிறீர்கள். “இவ்வளவு உழைத்தேனே, ஒன்று போட்டால் என்ன” என்ற நியாயமும் கூடவே வந்திருக்கும். நீங்கள் எழுதவில்லை, ஆனால் வந்திருக்கும்.

குடியை விட்டவர்களிடம் உடற்பயிற்சியைப் பற்றி மிகைப்படுத்திப் பேசும் வழக்கம் எங்கள் துறையிலும் இருக்கிறது. எனவே தெரிந்ததை அப்படியே சொல்கிறேன். வேகமாகச் சிறிது நேரம் நடந்தால் அந்த நேரத்துக் குடி வேட்கை தணிவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மனச்சோர்வும் பதற்றமும் குறைகின்றன. நாளடைவில் தூக்கம் சீராகிறது. ஆனால் உடற்பயிற்சி மட்டுமே ஒருவரை மறுபடி குடிக்காமல் காப்பாற்றிவிடும் என்பதற்கு ஆய்வுகளில் உறுதியான ஆதாரம் இல்லை. மாத்திரை, மருத்துவர், குடும்பம், கூட்டம் இவற்றின் இடத்தை டிரெட்மில் பிடிக்காது. உடற்பயிற்சியால் செய்ய முடிகிற ஒரு காரியம், நீங்கள் குடித்துக்கொண்டிருந்த நேரத்தை வேறு ஒன்றால் நிரப்புவது. அதனால்தான் என்ன பயிற்சி, எத்தனை கிலோ என்று கேட்பதற்கு முன் எத்தனை மணிக்கு என்று கேட்கச் சொல்கிறேன்.

டாஸ்மாக் கடை பகல் 12-க்குத் திறந்து இரவு 10-க்கு மூடுகிறது. உங்களுக்கு அதில் எந்த நேரம் சொந்தமாக இருந்தது? பட்டறையை அடைத்துவிட்டுக் கிளம்பும் ஆறரை, ஏழு மணி என்று வைத்துக்கொள்வோம். நடை அப்போதுதான். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து நடக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கும் மரியாதைதான். ஆனால் காலை ஐந்து மணிக்கு நீங்கள் ஒருநாளும் குடிக்கப் போனதில்லை. காலையில் நடந்து முடித்த திருப்தியோடு, மாலையை வெறுமையாக விட்டவர்கள் பலர் சறுக்கியிருக்கிறார்கள். பட்டறையிலிருந்து நேராகக் கிளம்புங்கள். ஷூ பட்டறையிலேயே இருக்கட்டும். வழியில் கடை இருக்கிறதா, பழைய கூட்டாளிகள் நிற்கும் டீக்கடை இருக்கிறதா என்று பார்த்து ரூட்டை மாற்றுங்கள். ரேஸ்கோர்ஸ் நடைபாதை பக்கத்தில் என்றால் நல்லது. மாலையில் அங்கே கூட்டம் இருக்கும், தனிமை குறையும்.

உங்கள் வீட்டம்மா சொன்ன “சும்மா நடந்தா போதும்” என்பது சரியான மருத்துவ ஆலோசனை. நான் அதற்கு அளவு மட்டும் போடுகிறேன். முதல் இரண்டு வாரம் பத்து நிமிடம் போய், பத்து நிமிடம் திரும்பி வாருங்கள். இன்னும் நடக்கலாம் போல இருந்தாலும் நிறுத்துங்கள். பிறகு வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டலாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பும், இரண்டு நாளாவது தசைப் பயிற்சியும் சொல்கிறது. அங்கே போய்ச் சேர நீங்கள் மூன்று நான்கு மாதம் எடுத்துக்கொண்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஏன் இவ்வளவு மெதுவாக என்று தோன்றும். நீண்ட காலக் குடி தசையைத் தின்கிறது. அதிலும் குதிப்பதற்கும் தூக்குவதற்கும் தேவையான வேகத் தசை இழைகளைத்தான் முதலில் மெலிய வைக்கிறது. தொடை, இடுப்பு, தோள் ஆகிய இடங்களில் இது தெரியும். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து பாருங்கள். முடியவில்லை என்றால் தொடை இன்னும் தேறவில்லை. குடி நின்றபின் இது பெரும்பாலும் மீள்கிறது. ஆனால் மாதக்கணக்கில், சிலருக்கு ஒரு வருடம்வரை ஆகும். உங்கள் மனதில் இருப்பது கல்லூரி வாலிபால் உடம்பு. இரண்டாவது மாதத்தில் ஜிம்முக்குப் போனது வேறு உடம்பு. தோள்பட்டை பிடித்ததில் வியப்பில்லை. இப்போதைக்கு வாரம் இரண்டு நாள், நாற்காலியில் உட்கார்ந்து எழுவது பத்து முறை, சுவரில் கை வைத்துத் தண்டால் பத்து முறை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியேறுவது இன்னொன்று. வலித்தால் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகள் குடியால் புண்பட்ட இரைப்பையில் ரத்தக்கசிவை உண்டாக்கலாம். பாரசிட்டமாலுக்கும் கல்லீரலைப் பொறுத்து உச்ச அளவு உண்டு. ஜிம்மில் பயிற்சிக்கு முன் கலக்கிக் குடிக்கச் சொல்லும் பவுடரும் வேண்டாம். அதில் பெரும்பாலும் காஃபின்தான் அதிகம். உங்கள் தூக்கம் ஏற்கெனவே துண்டாகத்தான் வருகிறது.

அந்தத் தூக்கத்தைப் பற்றி: குடியை நிறுத்திய பிறகும் மாதக்கணக்கில் தூக்கம் சரியாக அமையாமல் இருப்பது சகஜம். கெட்ட கனவுகளும் வரும். தூக்க மாத்திரையைத் தேடிப் போகாதீர்கள். மாலை நடையை எட்டு மணிக்குள் முடித்து, தினமும் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள்.

உள்ளங்கால் எரிச்சல்தான் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. குடிப்பவர்களுக்கு பி1 எனும் தயமின் சத்துக் குறைவதாலும், ஆல்கஹால் நேரடியாக நரம்பைத் தாக்குவதாலும் இது வரலாம். சர்க்கரை நோயால் வரலாம். பி12 குறைவாலும் வரலாம். நீங்கள் போடும் டைசல்ஃபிராமே நீண்ட நாளில் சிலருக்கு நரம்பு பாதிப்பைத் தரும். கல்லீரலையும் பாதிக்கக் கூடும். பயந்து நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். கொடுத்த மருத்துவரிடம் இந்த வாரமே சொல்லுங்கள். அவர் மாற்றுவதா வேண்டாமா என்று முடிவு செய்யட்டும். அதுவரை பூங்காக்களில் கூழாங்கல் பதித்த எட்டு வடிவப் பாதை இருக்கிறதே, வெறுங்காலில் நடந்தால் நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள், அந்தப் பக்கம் போகாதீர்கள். உணர்ச்சி குறைந்த காலில் காயம் பட்டாலே தெரியாது. ஷூ, பருத்திச் சாக்ஸ், வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலை ஒருமுறை பார்ப்பது போதும்.

தொப்பையும் இனிப்பும் ஒரே கதை. குவார்ட்டர் ஒன்றில் ஏறக்குறைய 60 கிராம் ஆல்கஹால். கிராமுக்கு 7 கலோரி என்றால் 400-க்கு மேல். அது நின்ற இடத்தை ஜிலேபி பிடித்துக்கொள்கிறது. முதல் வருடத்தில் இதற்காக நான் யாரையும் அதட்டுவதில்லை. சர்க்கரை அளவு சரியாக இருந்தால், குடிக்காமல் எடை கூடுவது குடித்து எடை குறைவதைவிடப் பாதுகாப்பு. ஆனால் வெறும் வயிற்றோடு நடக்கப் போகாதீர்கள். ஐந்து மணிக்கே ஏதாவது சாப்பிட்டுவிடுங்கள். வேகவைத்த கடலை, சுண்டல், ஆம்லெட் என்று பொதுவாகச் சொல்வோம். உங்களுக்கு அவை சைட் டிஷ்ஷாக இருந்திருந்தால் வேண்டாம். வாழைப்பழமும் மோரும் அந்தப் பழைய மேஜையில் இருந்திருக்காது என்று நம்புகிறேன். தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் குடியுங்கள். நடை முடிந்து வீடு வரும்போது கையில் பாட்டிலில் உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸ் இருக்கட்டும். பீர் நினைவு வருவது அந்த ஐந்து நிமிடத்தில்தான்.

இன்னொரு விஷயத்தில் நான் கண்டிப்பானவன். குடிக்காத நாள் கணக்கையும் நடந்த நாள் கணக்கையும் ஒரே நோட்டில் எழுதாதீர்கள். இரண்டையும் முடிச்சுப் போட்டவர்களுக்கு மழை, காய்ச்சல், பட்டறையில் அவசர ஆர்டர் என்று நடை நான்கு நாள் நின்றதும், “எல்லாமே போச்சு” என்று தோன்றிவிடுகிறது. உங்களுக்குத் தோள்பட்டை பிடித்தபோது கிட்டத்தட்ட அதுதான் நடந்தது. நல்லவேளை, பயிற்சிதான் நின்றது. முடியாத நாளில் ஷூ மாட்டி, தெருமுனை வரை போய்த் திரும்புங்கள். அதுவும் முடியாவிட்டால் அன்று விடுமுறை. உங்கள் மனைவி கூட வந்தால் நல்லதுதான், காவலுக்கு வருவதாக இருந்தால் மட்டும் வேண்டாம். மாத்திரை கொடுப்பதிலேயே அவருக்குப் போதுமான பொறுப்பு இருக்கிறது.

வாலிபாலுக்கு இப்போது வேண்டாம் என்பேன். கையூன்றாமல் தரையிலிருந்து எழ முடிந்து, நாற்பது நிமிடம் சிரமமில்லாமல் நடக்க முடிந்தபின் கால் குதிக்கத் தயார். மற்ற ஆயத்தம் வேறு. அந்த அணியில் குடிக்காதவர் ஒருவராவது இருக்கிறாரா? உங்கள் நிலைமை அவருக்குத் தெரியுமா? உங்கள் வண்டியில் போய், கடைசி பாயிண்ட் முடிந்ததும் கிளம்பிவர முடியுமா? இவற்றுக்கு ஆம் என்றால் சில மாதம் கழித்துப் போகலாம். இல்லையென்றால் உங்களுக்கு வாலிபால்தான் வேண்டுமா, அந்த நண்பர்கள்தான் வேண்டுமா என்று பாருங்கள். வாலிபால் கோவையில் வேறு மைதானங்களிலும் ஆடுகிறார்கள்.

ஒருவேளை சறுக்கிக் குடித்துவிட்டால், “வியர்வையில் வெளியேற்றிவிடுகிறேன்” என்று மறுநாள் ஓடாதீர்கள். கல்லீரல் தன் வேகத்தில்தான் ஆல்கஹாலைக் கழிக்கும். அளவுக்கு மீறிக் குடித்த மறுநாள் இதயத் துடிப்பு தாறுமாறாவது அபூர்வம் அல்ல. பல நாள் தொடர்ந்து குடித்து, திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அது ஆஸ்பத்திரியில் பார்க்க வேண்டிய விஷயம். ராத்திரியில் மனம் தடுமாறினால் டெலி மானஸ் 14416 இலவச எண், தமிழில் பேசலாம்.

நடையைத் தொடங்கும் முன் மருத்துவரிடம் ஒருமுறை போய் ரத்த அழுத்தம், சர்க்கரை, கல்லீரல் பரிசோதனை, ரத்த அணுக்கள், இ.சி.ஜி. பார்த்துவிடுங்கள். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்ப்பார்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறது, கால் வீங்குகிறது என்றால் எக்கோவும் வேண்டும். குடி இதயத் தசையையும் தளர்த்தும். கல்லீரல் சுருக்கம் என்று யாராவது சொல்லியிருந்தால், எடை தூக்கலாமா என்று கேட்காமல் தூக்காதீர்கள். நடக்கும்போது நெஞ்சு இறுக்கமோ தலைசுற்றலோ வந்தாலும், பயிற்சிக்கு மறுநாள் தசை கடுமையாக வலித்துச் சிறுநீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் போனாலும் அன்றே காட்டுங்கள்.