கவனத்திற்கு ஒரு மதகு

ஏரி நிறைந்திருப்பதால் மட்டும் வயல் விளைந்துவிடுவதில்லை. வேண்டும்போது நீரைத் திறக்கவும் வேண்டாதபோது அடைக்கவும் மதகு தேவை. மனிதனின் கவனமும் அத்தகையதே. காலையில் தெளிந்த மனத்தோடு, “இன்று இப்பணியை முடிப்பேன்” என்று உறுதிபூண்டு ஒருவர் கணினியின் முன் அமர்கிறார். சிறு ஐயம் ஒன்றைத் தீர்க்க இணையத்தைத் திறக்கிறார். நிமிர்ந்து பார்க்கையில் ஒரு மணி நேரம் கரைந்திருக்கிறது. பணியோ தொடங்கிய இடத்திலேயே நிற்கிறது.

இதற்கு மன உறுதியின் குறை மட்டுமே காரணமன்று. நண்பர்களின் செய்திகளை ஒரே ஓடையாகத் தொகுத்துத் தரும் பக்கத்தை ஃபேஸ்புக் 2006-இல் அறிமுகப்படுத்தியது. அதே ஆண்டில் அஸா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர், உருட்ட உருட்ட முடிவின்றி நீளும் பக்கமுறையை உருவாக்கினார். நூலில் ஓர் அத்தியாயம் முடியும்போது, நிறுத்தலாமா தொடரலாமா என்று வாசகர் எண்ணிப் பார்க்கிறார். முடிவில்லாத பக்கத்தில் அந்தக் கணம் வருவதே இல்லை. விவேகம் விழித்துக்கொள்ளும் இடமே அங்கு அகற்றப்பட்டுவிட்டது. ராஸ்கினே பின்னாளில் இதற்காக வெளிப்படையாக வருந்தினார்.

கருவிகள் செய்வது என்ன?

இழந்த அந்தக் கணத்தை மீட்டுத் தரவல்லவை, பிரவுசர் எனப்படும் உலாவியில் இணைக்கக்கூடிய சிறு நீட்டிப்புகள். ‘லீச்பிளாக்’ என்பது, பயன்படுத்துபவர் குறித்த தளங்களை அவர் குறித்த நேரங்களில் அடைத்துவிடும். முற்றிலும் அடைக்க விரும்பாதவர், தளம் திறக்குமுன் சிறிது காத்திருக்கும்படி அதை அமைக்கலாம். அக்காத்திருப்பில், “எதற்காக இங்கு வந்தேன்?” என்ற கேள்வி எழ இடமுண்டாகிறது.

‘நியூஸ் ஃபீட் எராடிகேட்டர்’ செய்தி ஓடையை மட்டும் மறைத்து, அவ்விடத்தில் ஒரு பொன்மொழியைக் காட்டும். ‘அன்ஹுக்’ யூடியூபின் பரிந்துரைகளை மறைத்துவிடும். தேடிச் சென்ற சொற்பொழிவு மட்டும் எஞ்சும். முன்னது கதவை அடைப்பது. பின்னவை கதவைத் திறந்துவைத்துத் தூண்டிலை அகற்றுபவை. பணியின் பொருட்டுச் சமூக ஊடகத்தை நாட வேண்டியவர்களுக்குப் பின்னவையே பொருந்தும்.

கருவியின் எல்லை

பூட்டியவரே திறக்கவும் வல்லவர். உலாவியில் அடைத்ததைக் கைபேசியின் செயலியில் பார்த்துவிடலாம். அப்படியாயின் இவற்றால் என்ன பயன்? காலையில் உறுதிபூண்ட மனமும், பிற்பகலில் களைத்த மனமும் ஒரே வலிமை உடையவை அல்ல. தெளிந்த வேளையில் எடுத்த முடிவு, தளர்ந்த வேளையைக் காக்கும்படி செய்வதே கருவியின் பணி. அது உறுதிக்குக் காவலாளி, உறுதியே ஆகிவிடாது.

மேலும், மதகை அடைத்தால் மட்டும் போதாது. தேங்கிய நீரை வயலுக்குத் திருப்ப வேண்டும். மீட்ட நேரத்திற்குரிய நற்பணியை முன்னரே குறித்து வைக்காதவரின் மனம் வேறோர் உடைப்பைத் தேடிச் செல்லும்.

பயிற்சி

முதல் மூன்று நாட்கள் எதையும் அடைக்க வேண்டாம். நோக்கமின்றித் தளங்களைத் திறந்த வேளைகளை மட்டும் குறித்து வருக. நான்காம் நாள், மிகுதியாக ஈர்க்கும் ஒரே தளத்தை, ஒரே வேளைக்கு அடைத்திடுக. நீட்டிப்புகள் திறந்த பக்கங்களைப் படிக்கவல்லவை. ஆதலால் உலாவியின் அதிகாரபூர்வக் கிடங்கிலிருந்தே, அவை கோரும் அனுமதிகளை ஆராய்ந்த பின் நிறுவுக. வார இறுதியில் இரண்டு கேள்விகள்: எத்தனை முறை கை தானாக அத்தளத்தை நாடியது? மீண்ட நேரம் எவருக்குப் பயன்பட்டது?