ஊருக்குப் போவோரும் நுளம்புக் காய்ச்சலும்

கோடை விடுமுறையில் நல்லூர்த் திருவிழாவுக்கும் உறவினரைக் காணவும் பிள்ளைகளுடன் இலங்கை, இந்தியா செல்லும் குடும்பங்கள் எம்மிடையே பல. "நுளம்புக்கடியில் வளர்ந்த எங்களுக்கு ஒன்றும் வராது" என்று சொல்வோரும் உண்டு. இது சரியா என்று பார்ப்போம்.

மலேரியா

இரவில் கடிக்கும் அனோபிலிஸ் நுளம்பால் பரவுவது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. இந்தியாவில் அந்நோய் இன்னும் உண்டு. முன்பு ஊரில் அடிக்கடி மலேரியா வந்து ஏற்பட்ட எதிர்ப்புச் சக்தி, கனடாவில் சில வருடங்கள் வாழ்ந்ததும் குறைந்துவிடும். இங்கு பிறந்த பிள்ளைகளுக்கோ அது அறவே இல்லை. ஆகவே இந்தியா செல்வோர் ஆறு கிழமைகளுக்கு முன்னரே வைத்தியரிடம் தடுப்பு மாத்திரை பற்றிக் கேட்க வேண்டும்.

டெங்கு

சிரட்டை, பழைய ரயர், பூச்சாடித் தட்டு ஆகியவற்றில் தேங்கும் நீரில் பெருகும் ஈடிஸ் நுளம்பு பகலில் கடிக்கும். ஆகவே இரவில் வலைக்குள் படுப்பது மட்டும் போதாது. 2017இல் இலங்கையில் 186,000க்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர் பதிவாயினர். டெங்கு வைரஸ் நான்கு வகைப்படும். ஒரு வகை வந்து மாறியவருக்கு இன்னொரு வகை தொற்றினால் நோய் கடுமையாகலாம். எனவே ஊரில் வளர்ந்தவர்களுக்கே கூடுதல் கவனம் தேவை.

நாம் செய்யவேண்டியவை

1. கைகால்களை மூடும் வெளிர்நிற உடை அணிதல். நல்லூரில் ஆண்கள் மேலாடையின்றி உட்செல்வதால், தோளிலும் முதுகிலும் நுளம்பு விரட்டும் மருந்து பூசிக்கொள்வது நல்லது.

2. 'டீட்' கலந்த மருந்து பெரியவர்களுக்கு 30 வீதம் வரை, 12 வயதுக்கு உட்பட்டோருக்கு 10 வீதம் வரை. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குப் பூசக்கூடாது, வலையே பாதுகாப்பு.

3. டெங்கு என்று சந்தேகித்தால் அஸ்பிரின், ஐபுபுரோபன் எடுக்கக்கூடாது, இரத்தக்கசிவு கூடும். பனடோல் அல்லது ரைலினோலை அளவோடு எடுக்கலாம். காய்ச்சல் இறங்கும்போதுதான் ஆபத்து அதிகம். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, முரசில் இரத்தம் கண்டால் உடனே வைத்தியசாலை செல்லவும்.

4. திரும்பியபின் காய்ச்சல் வந்தால் 'புளூ' என்று வீட்டில் இருந்துவிடக்கூடாது. மலேரியா மாதங்கள் கழித்தும் வரலாம். எந்த நாட்டுக்குச் சென்றோம் என்பதை வைத்தியர் கேட்குமுன் நாமே சொல்லவேண்டும்.

ரொறன்ரோவிலும் நுளம்பு உண்டு. 2002இல் ஒன்ராறியோவில் முதன்முதலாக மனிதருக்கு மேற்கு நைல் வைரஸ் கண்டறியப்பட்டது. அது முதியோரையே அதிகம் தாக்கும். வளவில் வாளி, தொட்டிகளில் தேங்கும் நீரைக் கிழமைக்கு ஒருமுறையாவது ஊற்றிவிடுவோம்.

ஊர் சென்று வரும் அனைவரும் நலமே திரும்ப இறைவன் அருள் புரிவானாக.