பொருளறிவியல் படிக்க: கணிதமா, தொழில்நுட்பமா?

றப்பர் பாலில் போமிக் அமிலம் விட்டால் ஏன் உறைகிறது? கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் ஏன் உறுதியாகிறது? இரத்தினபுரியில் மலிவாகக் கிடந்த மங்கல் கெவுடாக் கல், 1,600 பாகைக்கு மேல் சுட்டதும் எப்படி நீலக்கல்லாகிறது? கல்லுக்குள் பால்போல் படர்ந்திருக்கும் ரூட்டைல் ஊசிகள் கரைகின்றன. அவற்றின் டைட்டானியம் கல்லிலுள்ள இரும்போடு சேர்ந்து நீலம் தருகிறது. இவற்றையெல்லாம் விளக்குவது பொருளறிவியல். கேகாலையின் போகல சுரங்கத்துக் காரீயமும் இதே பாடத்துக்குள் வரும். சப்ரகமுவத் தோட்டத்துப் பிள்ளைக்குப் பொருளறிவியல் அந்நியமான துறையே இல்லை. சிக்கல் வாசலில்தான்.

சாதாரணதரம் முடிந்து பிரிவு எடுக்கும் நாளிலேயே பாதி முடிவாகிவிடுகிறது. இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் எடுத்தால் மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துக்குப் போட்டியிடலாம். அங்கே முதலில் எல்லாருக்கும் பொதுப்பாடம். பிறகு புள்ளியையும் விருப்பத்தையும் பார்த்தே பொருளறிவியல் பொறியியல் துறை கிடைக்கும். தொழில்நுட்பப் பிரிவு எடுத்தால் ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப பீடம் இருக்கிறது. பொருள் மற்றும் இயந்திரத் தொழில்நுட்பத்துக்கு அங்கே தனித் திணைக்களமே உண்டு. ஒரு பிரிவில் படித்துவிட்டு மற்றதன் பட்டத்துக்குத் தாவ முடியாது. படித்து முடித்தால் முன்னவர் பொறியியலாளர், பின்னவர் தொழில்நுட்பவியலாளர். வேலைத்தளத்தில் இந்த வேறுபாடு சம்பளத்திலும் தெரியும்.

கல்லும் கனிமமும்தான் பிடிக்கும் என்றால் பதுளை ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தின் கனிம வளத் தொழில்நுட்பப் பட்டத்தையும் பாருங்கள். பெலிஹுல்ஓயாவிலுள்ள சப்ரகமுவப் பல்கலைக்கழகம் கிட்டத்தில் இருப்பது வசதிதான். ஆனால் வீட்டுக்குக் கிட்ட என்பதற்காக மட்டும் துறையை மாற்றிக்கொள்ள வேண்டாம்.

என் எண்ணம் இது: கணிதத்துக்கு ஒழுங்கான ஆசிரியர் இருந்தால் கணிதம். இல்லாத பாடசாலையில் பிடிவாதமாக உட்கார்ந்து மூன்று பாடத்திலும் கோட்டைவிடுவதைவிட, தொழில்நுட்பத்தில் நல்ல இசட் புள்ளி எடுப்பது மேல். இந்தப் பட்டங்கள் எல்லாமே ஆங்கிலத்தில்தான். அதை உயர்தரம் படிக்கும்போதே தொடங்கிவிடுங்கள்.

தமிழில் கணிதப் பிரிவு நடத்தும் பாடசாலைகள் சப்ரகமுவவில் குறைவு என்பதால் சிலர் ஹற்றனுக்குப் போகிறார்கள். போகுமுன் ஒன்றை விசாரியுங்கள். மாவட்ட ஒதுக்கீடு நீங்கள் படித்த பாடசாலையின் மாவட்டத்தை வைத்தே கணிக்கப்படும். கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கான 5 வீத மேலதிக ஒதுக்கீட்டில் இரத்தினபுரி உண்டு, ஹற்றன் இருக்கும் நுவரெலியாவும் உண்டு, கேகாலை இல்லை. கடந்த ஆண்டுகளின் வெட்டுப்புள்ளிகளை மாவட்டவாரியாக ஒப்பிட்டுவிட்டுப் பெட்டியைக் கட்டுங்கள்.